ஸலாம் சொல்லாத கேமரா

எங்கள் வீட்டுப் பூனையை ஒருவர் மலேசியாவிலிருந்து விரட்டியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அன்றைக்குக் காலை ஹாலில், என்னிடம் ஆரி எம்பிராய்டரி கற்க வரும் ஆறு பெண்கள் ஃப்ரேம்களைச் சுற்றி உட்கார்ந்து ப்ளவுஸ் துணியில் மயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். புர்காக்கள் கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கின. மின்விசிறிக்குக் கீழே எல்லாரும் முடியை விரித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு லத்தீஃபா தலை முழுக்க மருதாணியை அப்பி, அதன்மேல் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். பூனை சோபாவில் மல்லாந்து, நான்கு காலையும் நான்கு திசைக்கு விட்டுக் கிடந்தது. அப்போது கூரைப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் அதட்டியது.

“சூ! சூ! எறங்கு! சோபாவ விட்டு எறங்கு, களவாணி!”

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தது. ஒரு ஃப்ரேம் கவிழ்ந்தது. மணி டப்பா உருண்டு வீடெல்லாம் மணி. ஒருத்தி சோபா விரிப்பை உருவித் தலையில் போட்டுக்கொண்டாள். லத்தீஃபா பிளாஸ்டிக் பையோடு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்தாள். பூனை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கி ஓடியது. ஆறு பேரில் அசையாமல் இருந்தவள் இசைவாணி ஒருத்திதான். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

“அக்கா, கேமரா வாசலப் பாத்துத்தானே இருக்கும்னு சொன்னீங்க? இப்ப நம்மளையில்ல பாக்குது!”

ஆமாம். சுவரின் மூலையில் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளை உருண்டை, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிர்ரென்று கழுத்தைத் திருப்பி, பூனை ஓடிய திசையையும் ஒரு பார்வை பார்த்தது.

என் கைபேசி அடித்தது. ஈப்போவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அல்லா பிச்சை சாச்சா. என் வாப்பாவின் தம்பி.

“தஹ்மீனாம்மா, ஒன் பூனைய நான் எறக்கிவுட்டுட்டேன். புது சோபா, நகத்த வச்சுக் கிழிச்சிரும், பாத்துக்க.”

“சாச்சா, நீங்க எப்படி எங்க வீட்டுக்குள்ள…?”

“தெனமும்தான் பாக்குறேன். மத்தியானம் கடையில யாவாரம் கெடையாது பாரு. லிங்க்க அமுக்குனா வந்துருது. நேத்துத்தான் பேசுற பொத்தானக் கண்டுபுடிச்சேன்!”

புது உலகத்தைக் கண்டுபிடித்த மாதிரி சொன்னார். மேஜைக்கு அடியிலிருந்து லத்தீஃபா ஈனக்குரலில் கேட்டாள், “யாராம்?”

அன்றைக்கு வகுப்பு அதோடு கலைந்தது. சாச்சா அதற்குப் பிறகு என்னிடம் ஆயிரம் தடவை சத்தியம் செய்தார், பெண்களைப் பார்க்கவே இல்லை, பூனையை மட்டும்தான் பார்த்தேன் என்று. நான் நம்பினேன். ஆறு பெண்கள் இருந்த அறையில் அவர் கண்ணுக்குப் பூனைதான் பட்டது என்பதில் லத்தீஃபாவுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் மனத்தாங்கல்.

ஆனால் மறுநாள் இசைவாணியைத் தவிர யாரும் வரவில்லை. லத்தீஃபா மட்டும் வாசல்வரை வந்து, கேமராவின் கண்ணுக்குப் படாமல் சுவரோரமாக நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள். “லாத்தா, கோச்சுக்காதீங்க. ஒங்க சாச்சா நல்லவருதான். அவரு மாதிரி இன்னும் எத்தன நல்லவரு பாக்குறாங்கன்னு யாருக்குத் தெரியும்? ஒரு கண்ணும் பாக்கலன்னு நீங்க உறுதியாச் சொல்ற அன்னிக்கு வர்றோம்.”

அவள் போன பிறகு கவிழ்ந்த ஃப்ரேமை நிமிர்த்திவைத்து மணிகளைப் பொறுக்கினேன். எனக்கு அழுகை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? கணவர் ஷார்ஜாவில். பிள்ளை இன்னும் இல்லை. வாப்பாவும் உம்மாவும் தங்கைக்குக் கட்டிய வீட்டோடு போய்விட்டார்கள். இந்தப் பெரிய வீட்டில் காலையில் அந்த ஆறு பேர் வந்து உட்கார்ந்து வம்பளக்கிற நேரம்தான் எனக்குப் பொழுது. மீதியெல்லாம் ஃப்ரிட்ஜ் உறுமுகிற சத்தம். அந்த வகுப்பு போனால் எனக்கு இந்த வீட்டில் பேச்சுத்துணை பூனைதான். பூனையும் இப்போது ஹாலுக்கு வரப் பயப்பட்டது.

இந்தக் கண்றாவி எப்படி நேர்ந்தது என்று கேட்டால், எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு அது. அதிராம்பட்டினத்தில் ஒரு கல்யாணம் என்றால் பாதிப் பந்தல் வெளிநாட்டில் இருக்கும். என் தங்கையின் நிக்காஹ் எங்கள் வீட்டு ஹாலில்தான் நடந்தது. என் கணவர் ஃபாஜிலுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் வருத்தத்தில் ஒரு யோசனை செய்தார். ஹாலில் ஏற்கெனவே மாட்டியிருந்த கேமராவை அங்கிருந்தபடியே உலகத்துக்குத் திறந்துவிட்டு, லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். துபாய், கோலாலம்பூர், சிங்கப்பூர், லண்டன் எல்லாம் நிக்காஹைப் பார்க்கட்டும் என்று.

முதலில் பாஸ்வேர்டும் கொடுத்திருக்கிறார். அதில் பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று கேட்டு நாற்பது பேர் அவருக்குப் போன் போட்டார்கள். காஜியார் வந்து உட்கார்ந்துவிட்டார், இன்னும் லண்டன் மாமி ‘உள்ளே விடமாட்டேங்குது’ என்கிறார். ஃபாஜில் பொறுமை இழந்து, கேமராவின் அமைப்புக்குள் போய் ‘பெயர், பாஸ்வேர்டு இல்லாமலே யாரும் பார்க்கலாம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டார். கழுத்தைத் திருப்புகிற உரிமையும் பேசுகிற உரிமையும் அந்த ஒரே டிக்கோடு சேர்ந்து போயிற்று. நிக்காஹ் அமர்க்களமாக நடந்தது. லண்டனிலிருந்து மாமி குலவையிட்டார். பந்தலைப் பிரித்தோம், வாடகைச் சட்டிகளைத் திருப்பிக் கொடுத்தோம், மீந்த நெய்ச்சோற்றைத் தெருவுக்குப் பங்கு வைத்தோம். டிக்கை எடுக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆக, இரண்டு மாதமாக எங்கள் ஹால் ஒரு டிவி சேனல். அதில் முக்கியத் தொடர் நான். இப்போது யோசித்தால் எல்லாம் புரிந்தது. ஃபாஜிலின் அக்கா சஃபியா லாத்தா மூன்று தெரு தள்ளி இருக்கிறார். “நேத்து என்ன, விளக்கு வச்ச பெறகா கூட்டுன?” என்று அவர் கேட்டபோது, ஏதோ ஞானதிருஷ்டி என்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து நான் என் சொந்த வீட்டில் முக்காடு போட்டுக்கொண்டு நடந்தேன். தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனாலும் முக்காடு. சோபாவில் காலை நீட்ட முடியவில்லை. தலை சீவ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

‘பிளக்கைப் பிடுங்கிப் போட வேண்டியதுதானே’ என்பீர்கள். பிடுங்கினேன். பிடுங்கிய கையோடு ஃபாஜிலிடமிருந்து போன்.

“கேமரா ஆஃப்லைன்னு வருதே, கரண்டு இல்லியா?”

நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு நான் சிரிக்காததைக் கவனித்து நிறுத்தினார்.

“சரி, அந்த டிக்க எடுத்துர்றேன், அவ்வளவுதானே? பிளக்க மாட்டு.”

“நீங்க எடுக்க வேணாம் மச்சான். அட்மின் பாஸ்வேர்டக் குடுங்க. நானே எடுக்குறேன்.”

“ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? ஒனக்குத்தான் தனியா ஒரு ஐடி போட்டுக் குடுத்திருக்கேன்ல?”

கொடுத்திருந்தார். அதன் லட்சணத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கேமராவில் ஆள்களுக்குத் தரம் உண்டு. அட்மின் என்றால் ராஜா, எல்லாம் செய்யலாம். வியூவர் என்றால் வேடிக்கை பார்க்கலாம், வேறெதையும் தொடக்கூடாது. நான் வியூவர். டிக் அடித்த நாளிலிருந்து, பெயர் இல்லாமல் எட்டிப்பார்த்த ஈப்போ சாச்சாவுக்குக் கழுத்தைத் திருப்பும் உரிமை இருந்தது. எனக்கு அதுகூட இல்லை.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். இந்த வீட்டின் பத்திரம் என் பெயரில். பட்டா என் பெயரில். வீட்டு வரி ரசீது, மின்சார இணைப்பு, தண்ணீர் இணைப்பு எல்லாம் என் பெயரில். சுவர் மூலையில் தொங்குகிற ஒரு சோற்றுருண்டைக்கு மட்டும் நான் வேடிக்கை பார்க்க வந்தவள்.

“வீடு யாருது மச்சான்?” என்றேன்.

“இப்ப ஏன் வீட்டுப் பத்திரத்துக்குப் போற?”

“பாஸ்வேர்டு குடுங்க, போகல.”

அவர் குரல் இறங்கிவிட்டது. “குடுத்தா நீ அணைச்சுப் போட்டுருவ, தஹ்மீனா. அப்புறம் எனக்கு என்ன இருக்கு இங்க?”

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஷார்ஜாவில் அவருக்குச் சாப்பாட்டு நேரம் வரும்போது, இங்கே வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருப்பார்கள். அவர் கம்பெனி கேன்டீனில் தண்ணீர்ச் சொம்பில் கைபேசியைச் சாய்த்துவைத்துக்கொள்வார். கேமராவை என் பக்கம் திருப்பிவிடுவார், நான் அதற்கு எதிரே தட்டோடு உட்காருவேன். இரண்டு பேரும் சாப்பிடுவோம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். ‘இன்னிக்கு என்ன மீனு?’ என்பார். ‘பாறை’ என்பேன். அவ்வளவுதான். எனக்கும் அது வேண்டியிருந்தது. அவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் நான் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வேன். அதனால்தான் பிளக்கைப் பிடுங்கியதோடு கதையை முடிக்க என்னால் முடியவில்லை. அவர் பார்க்க வேண்டும். ஊர் பார்க்கக்கூடாது. அவரும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்ல அப்போது வார்த்தை வரவில்லை. கோபம்தான் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

அவர் பாஸ்வேர்டைக் கொடுக்கவில்லை என்றால் என்ன? நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். சான்றிதழ் பீரோவில் கல்யாணப் பட்டுக்கு அடியில், அந்துருண்டை வாசத்தோடு பத்திரமாக இருக்கிறது. நெட்வொர்க் பேப்பரில் நான்தான் வகுப்பில் முதல். அந்த அறிவை இதுவரை மாமியாருக்கு யூடியூப் வைத்துக் கொடுக்கத்தான் பயன்படுத்தியிருந்தேன்.

மறுநாள் இசைவாணி வந்ததும் அவளை முக்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஏறினேன். கேமராவைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, பிளக்கை மறுபடி மாட்டினேன். அடியில் ஒரு பொடித்துளை. உள்ளே ரீசெட் பொத்தான். எந்தக் குச்சியும் நுழையாத அளவுக்குச் சின்னது.

“இதுக்கு என்னக்கா செய்யிறது?” என்றாள்.

கொக்கி முறிந்துபோன பழைய ஆரி ஊசி ஒன்று டப்பாவில் கிடந்தது. அதை உள்ளே விட்டேன். சரியாக உட்கார்ந்தது. ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஒரு தடவை மனதுக்குள் ஓதி முடிக்கிறவரை அழுத்திப் பிடித்திருந்தேன். சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டியது. உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ வாழ்த்தியது. ஹாலை எட்டிப்பார்க்க வந்த பூனை மறுபடியும் ஓட்டம் பிடித்தது.

கேமரா இப்போது பிறந்த குழந்தை. அதற்கு ஃபாஜிலைத் தெரியாது, ஈப்போவைத் தெரியாது. மடிக்கணினியை எடுத்து, பிரவுசரில் கேமராவின் முகவரியைத் தட்டினேன். ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று எச்சரித்தது. ‘இப்போதுதான் உனக்குத் தெரிந்ததாக்கும்’ என்று அதையும் வைதுவிட்டு உள்ளே போனேன்.

அட்மின் பெயர் கேட்டது. தஹ்மீனா என்று போட்டேன். பாஸ்வேர்டு கேட்டது. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், ஊர்ப் பெயரும் பிறந்த வருஷமும். ஆகவே நான் அந்தப் பக்கமே போகவில்லை. என்ன போட்டேன் என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன். பெயரில்லாதவர்கள் பார்க்கும் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. தகவல் பூட்டுப்போட்டுப் போகிற வழியை மட்டும் வைத்துக்கொண்டு, திறந்தபடி போகிற பழைய வழியை அடைத்தேன். தப்பான பாஸ்வேர்டை விடாமல் தட்டுகிறவர்களை வெளியே நிறுத்துகிற வசதி ஒன்று இருந்தது. அதையும் போட்டேன்.

“இசை, வைஃபைய அணைச்சிட்டு ஒன் போன் நெட்லேருந்து அந்தப் பழைய லிங்க்க அமுக்கு. வெளியூர்க்காரங்க எப்படிப் பாப்பாங்களோ அப்படி.”

அமுக்கினாள். “பாஸ்வேர்டு கேக்குதுக்கா.”

இது போதாது. பூட்டு போட்டாயிற்று, ஆனால் உலகமே வந்து பூட்டை ஆட்டிப்பார்க்கலாம் என்கிற நிலை. அப்படி ஆட்டியும் விட்டார்கள். குடும்பக் குழு அதற்குள் அமளிதுமளி. ‘தஹ்மீனா வீடு தெரியல’ என்று ஒருவர். ‘எனக்கும்தான்’ என்று இன்னொருவர். ‘மழையாக இருக்கும்’ என்று லண்டன் மாமி. என் வீடு தெரியாதது இவர்களுக்கு மின்வெட்டு மாதிரி இருந்தது.

வெளியிலிருந்து கேமராவுக்கு நேராக வழிவிடச் சொல்லி ஃபாஜில் ரவுட்டரில் ஓர் ஓட்டை போட்டு வைத்திருந்தார். அதைத் தேடி அடைத்தேன். தானாகவே ஓட்டை போட்டுக்கொள்ளும் ஒரு கெட்ட பழக்கம் ரவுட்டருக்கு இருந்தது. அதையும் நிறுத்தினேன். இனிமேல் வெளியிலிருந்து யார் பார்ப்பதானாலும் கேமராவின் ஆப் வழியாக, நான் கூப்பிட்டால்தான்.

“இப்ப?”

“சுத்திக்கிட்டே இருக்குக்கா. ஒண்ணும் வரல.” பிறகு சிரித்தாள். “எங்க அப்பா கொள்முதல் நெலையத்துல நெல்லக் கொட்டிட்டு, ஈரப்பதம் பாக்க ஆளு வர்ற வரைக்கும் குவியலுக்குக் காவலா அங்கயே படுத்துக் கெடக்குறாரு. ஒங்க சாச்சாவுக்கு அங்க ஒரு கேமரா போட்டுக் குடுக்கலாம்க்கா. ஆடு மேஞ்சா ‘சூ சூ’ன்னு வெரட்டுவாரு.”

நான் சிரித்து முடிக்கவில்லை, வாசலில் சத்தம் கேட்டது.

“அஸ்ஸலாமு அலைக்கும்!”

சஃபியா லாத்தா. குரலிலேயே சண்டை இருந்தது. ஆனாலும் வாசல்படிக்கு வெளியேதான் நின்றார். எங்கள் தெருவில் அப்படித்தான். ஆணோ பெண்ணோ, வாசலில் நின்று ஸலாம் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து பதில் வந்தால்தான் கால் வைக்க வேண்டும். பெற்ற மகன்கூட ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுத்தான் நுழைவான், உள்ளே யார் எப்படி இருக்கிறார்களோ என்று. சண்டை போட வந்த லாத்தாவும் அந்த முறையை விடவில்லை.

பதில் ஸலாம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் புயலாக உள்ளே வந்தார்.

“என்ன செஞ்சு வச்சிருக்க? தம்பி பொறந்த வருசம் போட்டேன், ஊர் பேரு போட்டேன், எல்லாம் போட்டேன். கடைசியில என்னையவே வெளிய தள்ளிப் பூட்டிருச்சு! எந்தம்பி காசு போட்டு வாங்குன கேமரா அது!”

“கேமரா ஒங்க தம்பியோடதுதான் லாத்தா. அதுல தெரியிற வீடு என்னோடது.”

“ஆம்பள இல்லாத வீடு. நாலு பேரு கண்ணு மேல இருக்குறது நல்லதுதானே?”

அந்த இடத்தில்தான் எனக்கு வார்த்தை கிடைத்தது. முந்தின நாள் ஃபாஜிலிடம் கிடைக்காத வார்த்தை.

“லாத்தா, இப்ப ஏன் வாசல்ல நின்னீங்க?”

“இது என்ன கேள்வி? ஸலாம் சொல்லாம அடுத்த வீட்டுக்குள்ள நொழையிறதா?”

“நேத்து வரைக்கும் நொழைஞ்சீங்களே.”

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். மேஜை மேல் கிடந்த கேமராவை ஒரு பார்வை பார்த்தார். அது தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

“நான் என்னத்தப் பாத்தேன்? நீ கூட்டுறதையும் பெருக்குறதையும்தானே?” என்றார். குரல் பாதிக்குமேல் இறங்கிவிட்டது.

“நான் அழுதத?”

அவர் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்த்திருக்கிறார். போன மாதம் ஒரு நாள் ஒன்றுமில்லாமல் சோபாவில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குச் சாயங்காலம் லாத்தா வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறைய இனிப்பு வட்டிலப்பம் வந்தது. என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இப்போது எனக்கு அந்த வட்டிலப்பத்தின் காரணம் தெரிந்தது. கோபப்படுவதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் டீ போட உள்ளே போனேன்.

டீயைக் குடித்துவிட்டு, லாத்தா எழுந்துபோகும்போது சொன்னார், “எந்தம்பிய மட்டும் சேத்துக்க. அவன் தனியா சாப்புட மாட்டான்.”

ஃபாஜிலுக்கு நான்தான் போன் செய்தேன். அவர் குரல் உம்மென்று இருந்தது.

“நான் என்ன அந்நியனா, தஹ்மீனா?”

“இல்ல மச்சான். மாப்புள்ள. லீவுல வர்றப்ப வாசல்ல நின்னு என்ன செய்வீங்க?”

“ஸலாம் சொல்லுவேன்.”

“ஒங்க சொந்தப் பொண்டாட்டி வீடுதானே? ஏன் சொல்றீங்க?”

“உள்ள பொம்பளைங்க இருப்பாங்கள்ல…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். ஷார்ஜா வெயிலில் யாரோ ஹாரன் அடிப்பது கேட்டது. என் கணவர் நல்லவர். புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் எடுப்பார், அவ்வளவுதான்.

கேமராவை மறுபடி சுவரில் மாட்டிவிட்டு, ஆப்பில் அவருக்கு ஒரு கணக்குப் போட்டேன். பெயர்: மாப்பிள்ளை. தரம்: வியூவர். பேசுகிற பொத்தானை மட்டும் கூடுதலாகக் கொடுத்தேன். கேமராவுக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. ஒரு பொத்தானை அமுக்கினால் உருண்டை சுவர்ப்பக்கம் கவிழ்ந்துவிடும், படம் போகாது, சத்தம் மட்டும் போகும் வரும். அது எப்போதும் மூடியே இருக்கும், அவர் ஸலாம் சொல்ல வேண்டும், நான் திறக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம். “நம்ம வீட்டுக்கே விசா எடுக்கணும் போல” என்று முனகினார். ஷார்ஜாவுக்கு எடுத்தவருக்கு இது என்ன கஷ்டம் என்றேன்.

அடுத்து லத்தீஃபாவின் சோதனை. என் வாய்வார்த்தையை அவள் நம்பவில்லை. அவளுடைய தம்பி ஹம்தான் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. அவனைக் கிளப்பிவிட்டாள். வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் தன் அண்ணன் தம்பிகளை, எங்கள் ஊர்ப் பேச்சில் காக்கா தம்பிகளை, கிளப்பிவிட்டாள். ஒரு நாள் முழுக்க வளைகுடாவும் கிழக்காசியாவும் சேர்ந்து என் வீட்டுக்குள் நுழையப் பார்த்தன. ஈப்போ சாச்சாவும் பொத்தான் பொத்தானாக அமுக்கிப் பார்த்தாராம். மறுநாள் ஹம்தான் குரல் செய்தி அனுப்பினான், ‘லாத்தா, ஒண்ணும் வேலைக்காகல, கதவே இருக்குற எடம் தெரியல’ என்று. லத்தீஃபா அதை ஸ்பீக்கரில் போட்டு எல்லாருக்கும் கேட்கச் செய்தாள். முக்காலியில் ஏறி, கவிழ்ந்து கிடக்கும் கேமராவைத் தன் கையால் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் புர்காவைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள்.

அன்றைக்கு வகுப்பு நீண்டுவிட்டது. விட்டுப்போன நாட்களின் வம்பெல்லாம் பாக்கி இருந்தது. இசைவாணியின் மயிலுக்கு இன்னும் வால் வரவில்லை. நேரம் போனதே தெரியவில்லை. எனக்கு மட்டும் பழக்கம் போகவில்லை, நடுவில் முக்காடோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

மேலேயிருந்து வந்தது. ஆண் குரல்தான். ஆனால் யாரும் கத்தவில்லை, மேஜைக்கு அடியில் புகவில்லை. பூனைகூடக் காதை மட்டும் அசைத்துவிட்டுத் தூங்கியது. லத்தீஃபா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் குரல் கொடுத்தாள்.

“வ அலைக்கும் ஸலாம், ஃபாஜில் காக்கா. கொஞ்சம் நில்லுங்க. மயிலுக்கு வாலு போட்டுட்டுப் போயிர்றோம்.”

“மெதுவாப் போடுங்க,” என்றது சுவர். “நான் இங்கதான் நிக்கிறேன்.”

நின்றார். ஒலிபெருக்கியில் கேன்டீன் சத்தம் கேட்டது. தட்டுகள், யாரோ மலையாளத்தில் சண்டை, ஒரு நாற்காலி இழுபடும் ஓசை. கரண்டி தட்டில் படும் சத்தம் மட்டும் இல்லை. அவர் சாப்பிடத் தொடங்கவில்லை. மயிலுக்கு வால் வந்தது. பெண்கள் புர்காவைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கேமராவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார்கள். லத்தீஃபா கடைசியாகப் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் சோறு போட்டுக்கொண்டு வந்து கேமராவுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

“மச்சான், இருக்கீங்களா?”

“இருக்கேன். ஆறிப்போச்சு. பரவால்ல.”

கைபேசியை எடுத்தேன். பொத்தானில் விரலை வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் நிறுத்தினேன். தலையிலிருந்து முக்காட்டை இழுத்து மடியில் போட்டேன். கொண்டையை அவிழ்த்து முடியை உதறிவிட்டேன். பல நாளாக வியர்த்துக் கிடந்த கழுத்தில் மின்விசிறிக் காற்று பட்டது.

“உள்ள வாங்க,” என்று சொல்லிவிட்டுத் திறந்தேன்.